மேடம் தின்ற கொய்யாக் கொழுந்து

ஒரு குடும்பம் மொத்தமும், மந்திரம் சொல்ல வந்த ஐயர் உட்பட, ஒரு மாட்டின் வாலையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்ற காலை ஒன்று என் வாழ்க்கையில் உண்டு. கோலாலம்பூருக்கு வடக்கே, ரவாங்கில் எங்கள் அத்தை வாங்கிய புது வீட்டின் கூடத்தில் அது நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு வால் எழும்புமா எழும்பாதா என்பதில் பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று எனக்கு விளங்கவே இல்லை. இப்போது நான் கிள்ளானில் ஒரு கால்நடைத் தீவன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்தத் தழையைத் தின்றால் மாட்டுக்கு எவ்வளவு செரிக்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்த வால் ஏன் எழும்பவில்லை என்று இன்றைக்கு யார் கேட்டாலும் விளக்கமாகச் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அக்கா. பிரிக்ஃபீல்ட்ஸில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேனில் ஏறும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் அடுத்த முச்சந்தியில் இறக்கிவிட்டுவிடுவேன் என்று மிரட்டுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சோப்பு ஆன்டி’. கல்யாணமாகிச் சில வருடங்களில் அத்தையின் கணவர் ஜொகூருக்கு வேலைக்குப் போனார். போனவர் அங்கேயே வேறொரு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அத்தை அதற்காக அழுது யாரும் பார்த்ததில்லை. ஹாரன் மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக அடிப்பார் என்று அப்பா சொல்வார்.

அத்தைக்கும் என் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். இவர்களுக்குள் இருந்தது வெறும் மரியாதை. ‘வாங்க அண்ணி’, ‘சாப்பிடுங்க அண்ணி’ என்று அம்மா சொல்வார். அத்தை சாப்பிட்டுவிட்டு, ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே தன் தட்டைத் தானே இரண்டாவது முறை கழுவி வைப்பார். அத்தை போன பிறகு அம்மா அந்தத் தட்டை எடுத்து மூன்றாவது முறை கழுவுவார்.

அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், காப்பார் சாலைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் கொட்டகை போட்டிருந்தார். பகலில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். கொட்டகையில் ஆடுகளும் ஒரு பசுவும் இருந்தன. பசுவுக்கு லெட்சுமி என்று பெயர். ஆனால் அது வெளியூர் ஆட்களுக்காக வைத்த பெயர். கொட்டகையில் மாமா அதை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். ஏனென்றால் லெட்சுமிக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் கிரகப்பிரவேசங்களுக்குப் போய்வரும். மாமா அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மல்லிகைச் சரம் போட்டு, லோரியில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுவார். காஜாங், செலாயாங், பூச்சோங், எங்கே புதுக் குடியிருப்பாக ஒரு தாமான் எழும்பினாலும் அங்கே மேடத்தின் குளம்பு ஒருமுறையாவது பட்டிருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாலாக் செலாத்தானில் ஒரு வீட்டில்தான் மானம் போயிற்று. அந்த வாரம் நல்ல மழை. ரோட்டோரமெல்லாம் இளம்புல். போதாததற்கு, மாமா தெரிந்த சீனர் ஒருவருடைய தௌஃபூ தொழிற்சாலையிலிருந்து சோயா சக்கையை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். சத்தான தீனி. சத்து கொஞ்சம் மிஞ்சிவிட்டது. புது வீட்டின் நடுக்கூடத்தில் போய் நின்ற மேடம், வெள்ளை சோஃபா, வெள்ளைத் திரைச்சீலை, வெள்ளைச் சுவர் எதையும் விட்டுவைக்கவில்லை. மாடு வீட்டுக்குள் சாணி போடுவது லட்சுமி கடாட்சம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது தெளிப்பான் வைத்து அடித்ததுபோல் வரும் என்று யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பல்லைக் கடித்தார்களாம்.

அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் எங்கள் பெரியப்பா குடியிருந்தார். அப்பாவின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் எது முறை, எது முறையில்லை என்று தீர்ப்புச் சொல்வது அவர்தான். அடுத்த மாதம் அத்தையின் ரவாங் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கு அவர் ஏற்கெனவே ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். கணவன் மனைவியாகத்தான் மணையில் உட்கார வேண்டும், அத்தை தனி ஆள் என்பதால் என் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஹோமம் செய்து, அம்மாதான் பால் காய்ச்ச வேண்டும் என்று. அத்தை தலையை ஆட்டிவிட்டு, ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டாராம். உண்மையான மாடு வர வேண்டும். சில வீடுகளில் செய்வதுபோல் வெள்ளி மாட்டுப் பொம்மையை வைத்து முடித்துவிடக் கூடாது.

சாலாக் செலாத்தான் சம்பவத்துக்குப் பிறகு பெரியப்பா போன் செய்து, வேறு மாடு பார்க்கலாமே என்று அப்பாவிடம் இழுத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதுதான் தப்பு. அம்மா கரண்டியோடு வந்து நின்றார். தன் தம்பியின் மாட்டைத் தன் புருஷன் வீட்டு ஆட்கள் வேண்டாம் என்பதா? அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு வேனில் ஏறச் சொல்லும் நாத்தனார் வீட்டு விசேஷத்தில்? லெட்சுமிதான் வரும், வந்து டைல்ஸில் ஒரு சொட்டு விழாமல் திரும்பிப் போகும் என்று அம்மா போனைப் பார்த்துச் சொன்னார். அப்பா போனை அணைத்துவிட்டுப் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மாமாவும் மனசு அடிபட்டுப் போயிருந்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் சொன்ன தேதியை ரத்து செய்துவிட்டார்களாம். அக்காவும் தம்பியும் ஆட்டுப்பட்டிக்கு முன்னால் நின்று யோசித்தார்கள். அங்கேதான் மாமாவுக்கு ஞானம் பிறந்தது.

“அக்கா, இந்த ஆட்டைப் பாரேன். நாள் பூரா அகாசியாத் தழையும் கொய்யாத் தழையும்தான் திங்குது. புழுக்கை எப்படி விழுது? கோலி குண்டு மாதிரி. கையில எடுத்தாக்கூட ஒட்டாது. அப்போ சாமான் தழையிலதான் இருக்கு லா.”

அம்மாவுக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. எனக்கு வயிற்றால் போனால் அம்மா கொடுப்பது கொய்யாக் கொழுந்துதான். அதற்கும் அடங்காவிட்டால் சர்க்கரை போடாத கடுந்தேநீர். பிள்ளைக்குக் கேட்பது மாட்டுக்குக் கேட்காதா? மனுஷப் பிள்ளைக்கு நாலு கொழுந்து என்றால் மேடத்தின் உடம்புக்கு எவ்வளவு என்று இருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் வந்தது ஒரு நாளைக்கு ஒரு சாக்கு.

விசேஷத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் எனக்குத் திருவிழாதான். பள்ளி முடிந்து வந்ததும் மாமாவோடு லோரியில் ஏறிக்கொள்வேன். மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகள் பக்கம் போய்க் கொய்யாத் தழை கேட்டு வாங்குவோம். ரோட்டோரத்து அகாசியாவை மாமா கொக்கியால் இழுப்பார், நான் கட்டுக் கட்டுவேன். மாமாவுக்குப் பழக்கமான ஒரு தமிழ் முஸ்லிம் தேநீர்க் கடையில் வடிகட்டிப் போட்ட தேயிலைச் சக்கையை ஒரு வாளியில் சேர்த்துவைத்திருப்பார்கள், அதையும் தூக்கிக்கொள்வோம். மேடம் முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமா கரும்புப் பாகைத் தெளித்துப் பிசைந்து கொடுத்தார். இனிப்புக்கு யார்தான் மயங்கமாட்டார்கள்? புல்லும் சோயா சக்கையும் அடியோடு நிறுத்தப்பட்டன.

இதில் என்ன நடந்தது என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும். தே ஓ கோசோங், அதாவது அம்மா கொடுக்கும் அந்தக் கடுந்தேநீர், குடித்தால் நாக்கு இறுகி, வாய் சொரசொரப்பாகிறது அல்லவா? அதே தேநீரில் பாலை ஊற்றினால் அந்த இறுக்கம் போய்விடுகிறது. துவர்ப்பு அப்போது நம் நாக்கை விட்டுவிட்டுப் பாலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. துவர்ப்பின் குணமே அதுதான், புரதத்தைக் கண்டால் விடாது. மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் உட்கார்ந்து தழையைப் புளிக்கவைத்து உடைத்துக் கொடுக்கின்றன. மாடு உண்மையில் தழையைத் தின்று வாழவில்லை, அந்த உயிர்களை வைத்துத்தான் வாழ்கிறது. துவர்ப்பு கொஞ்சமாக இருந்தால் நல்லதுதான். வயிறு உப்பாது, புழு அண்டாது, புரதமும் முதல் பானையில் வீணாகாமல் பின்னால் இருக்கும் வயிற்றுக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும். அளவு மிஞ்சினால் எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடும். தழையில் உள்ள புரதத்தையும் கட்டும், அதை உடைக்க வேண்டிய உயிர்களின் கையையும் கட்டும். தின்றது தின்றபடியே கிடக்கும். ஆடு தலைமுறை தலைமுறையாகச் செடியையும் மரத்தையும் கடித்தே வளர்ந்த பிராணி, துவர்ப்பை ஓரளவுக்குச் சமாளிக்கும். அதன் புழுக்கை கோலி குண்டு போல் இருப்பதற்குக் காரணம் தழை இல்லை, ஆட்டின் குடல். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உருட்டித்தான் விடும். புல்லைத் தின்றாலும் ஆடு புழுக்கைதான் போடும். மாமாவும் அம்மாவும் அன்றைக்குப் புல் தின்னும் ஆடு ஒன்றைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் வாரத்தில் மாமா சந்தோஷமாக இருந்தார். சாணி இறுகிவிட்டது. ‘அடுக்கு அடுக்கா விழுது அக்கா, தோசை மாதிரி’ என்று போனில் சொன்னார். இரண்டாவது வாரத்தில் சாணி குறைந்தது. பிறகு, விசேஷத்துக்கு முன்னால், நின்றேவிட்டது. மேடம் அசைபோடுவதை நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் போனால் காதைக்கூட ஆட்டவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. பாலும் வற்றிவிட்டது. அதன் கன்றுக்குட்டி, அது இன்னும் தழை கடிக்கப் பழகாத குட்டி, மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. மாமா டின் பால் மாவை வெந்நீரில் கலக்கிப் பாட்டிலில் கொடுத்தார். அதைக் கலக்கும் அளவு அவருக்குத் தெரியாது. குட்டி பசியில் முழு பாட்டிலையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டு இன்னும் கேட்கும்.

மாமா கொஞ்சம் பயந்துதான் போனார். விசேஷம் முடிந்ததும் பழையபடி புல்லுக்கு மாற்றிவிடலாம், ஒருநாள்தானே என்று அம்மா சமாதானம் சொன்னார். அம்மாவின் மனசில் டைல்ஸ் மட்டும்தான் இருந்தது.

அந்தக் காலையில் அப்பாவும் அம்மாவும் காரில் முன்னால் போய்விட்டார்கள். நான் அடம்பிடித்து மாமாவோடு லோரியில் போனேன். பச்சைப் பட்டுப் பாவாடை, தலையில் கனகாம்பரம், மடியில் கன்றுக்குட்டியின் பாட்டில். ரவாங்கில் போய் இறங்கினால் வீடு பளபளவென்று இருந்தது. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ், நம் முகமே தெரியும். கன்றுக்குட்டியை இறக்கும்போது மாமா முகத்தைச் சுளித்தார். வழி முழுக்க அதற்கு வயிற்றால் போயிருந்தது. பின்னங்கால் இரண்டும் மஞ்சளாக இருந்தன. ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிட்டார். நான் உள்ளே ஓடி, சமையலறையில் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா விரலால் வாயைப் பொத்தச் சொன்னார். குட்டியை உள்ளே கொண்டுவரக் கூடாது, வெளி கேட்டில் கட்டிவை, கேட்டால் மிரளுது என்று சொல்லு என்றார்.

மாட்டை மட்டும் மாமா நடத்திக்கொண்டு வந்தார். அம்மாவும் அப்பாவும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா ஐயருக்குப் பக்கத்தில் நின்று ஐயருக்கே முறை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை சமையலறைக் கதவோரத்தில் நின்றார். கடுகு நிறப் பட்டுப்புடவை. கையில் வேன் சாவி. சொந்த வீட்டுக்குள் எதற்கு வேன் சாவி என்று நான் நினைத்தது நினைவிருக்கிறது. விருந்தாளி மாதிரி, எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுகிறவர் மாதிரி நின்றார்.

மேடம் மெதுவாக உள்ளே வந்தது. குளம்பு டைல்ஸில் டக் டக் என்று விழுந்தது. நடுக்கூடத்தில் வந்து நின்றது. கற்பூரம் காட்டினார்கள், வாழைப்பழம் நீட்டினார்கள். அது பழத்தைத் தொடவில்லை. யாரும் நகரவில்லை. ஐயர் மாட்டைப் பார்த்தார். பெரியப்பா மாட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய பார்வையும் மாட்டின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. அம்மா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். எல்லோரும் பயந்துபோய்ப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, அத்தை பக்கம் திரும்பிப் பெருமையோடு சொன்னார்:

“பயப்படாதீங்க அண்ணி. இன்னைக்கு ஒண்ணும் போடாது. ரெண்டு வாரமா தம்பி அதுக்குன்னே பாத்துப் பாத்துத் தீனி குடுத்திருக்கான்.”

அத்தை வேன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு, ஹாரன் அடிக்கிற அத்தையின் குரலா இது என்று கேட்கும்படி, மெல்லச் சொன்னார்:

“நான் அதுக்குத்தானே மாடு கேட்டேன்.”

அம்மாவின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே வடிந்ததை நான் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காத்திருப்பு. நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அடுத்து செலாயாங்கில் ஒரு வீடு இருந்தது. யாரோ மாட்டின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ வயிற்றைத் தடவிக்கொடுத்தார்கள். ஒருமுறை வால் லேசாக எழும்பியது. கூடம் மொத்தமும் மூச்சைப் பிடித்தது. அது ஒரு ஈயை விரட்டிவிட்டு மறுபடி தொங்கிவிட்டது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். சகுனம் என்று ஏதோ ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அவர் விட்டதைப் பெரியம்மா பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி, புருஷன் பெண்டாட்டியாகக் குடிபோகிற வீடாக இருந்தால் லெட்சுமியும் மனசு வைப்பாள் என்றார். பெரியம்மா கெட்டவர் இல்லை. ஆனால் சிலருக்கு மனசில் படுவதெல்லாம் வாயில் வந்துவிடும். அத்தை காதில் அது விழுந்தது. அத்தை அசையவில்லை. வேன் சாவியை மட்டும் உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கினார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஹோமத்தில் ஒரு குச்சியை வைத்தார்.

அப்போது அம்மா மணையிலிருந்து கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் குனிந்தேன். காதில் சொன்னார். குட்டி வெளியே பசியில் கத்திக்கொண்டிருக்கிறது, அதை அவிழ்த்துக்கொண்டு வா, தாயிடம் விடாதே, நேராக அத்தை கையில் கயிற்றையும் பால் பாட்டிலையும் கொடுத்துக் குடிக்கவைக்கச் சொல் என்றார். குட்டி கத்திக்கொண்டிருந்தது உண்மைதான். உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொன்னவரும் அம்மாதான். பெரியவர்கள் முதலில் ஒன்று சொல்வார்கள், பிறகு வேறொன்று சொல்வார்கள், அதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

குட்டி என்னை இழுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தது. நான் கூட்டத்துக்கு நடுவே புகுந்து அத்தையிடம் போய்க் கயிற்றைக் கையில் கொடுத்தேன். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டிலைக் கொடுத்ததும் வேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அதை வாங்கினார். குட்டி பாய்ந்து பிடித்து இழுத்தது. பால் நுரை அத்தையின் கையெல்லாம் வழிந்தது. குட்டி குடிக்கிற வேகத்தில் வால் சாட்டை மாதிரி ஆடியது. அத்தை தன்னை மறந்து, “மெல்ல, மெல்லடா தங்கம்” என்றார்.

பாட்டில் பாதிகூடக் காலியாகவில்லை. குட்டி வாலைத் தூக்கியது.

அதை வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. அது சாணி என்று சொல்லக்கூடிய பதத்திலும் இல்லை, பிள்ளையார் பிடிக்கிற பதத்தில் சத்தியமாக இல்லை. அத்தையின் காலடியில் விழுந்து, வெள்ளை டைல்ஸில் ஓடி, கடுகு நிறப் பட்டின் கரையில் போய்த் தங்கியது. பிறகு யாரோ ஒரு பெண் குலவையிட்டார். ஐயர் மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அவருக்கு செலாயாங் போக வழி பிறந்துவிட்டது.

அம்மா மணையிலிருந்து எழுந்துவிட்டார். ஹோமம் நடுவில் எழக் கூடாது என்று பெரியப்பா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய், அத்தைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“லெட்சுமி ஆளைக் காட்டிட்டா அண்ணி. இனிமே நான் பால் காய்ச்சினா அது முறையில்ல. நீங்க வாங்க.”

பெரியப்பா வாயைத் திறந்தார். ஆனால் மாட்டோடு வாதாடிய மனிதர் என்ற பெயர் எடுக்க அவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, மூடிக்கொண்டார். சடங்குக்கு மேடத்தின் பாலைத்தான் கறந்து கொண்டுவருவதாகப் பேச்சு. மேடத்திடம் அன்றைக்குப் பால் ஏது? மாமா வரும் வழியில் கடையில் வாங்கிய டப்பாப் பாலைத்தான் புதுப் பானையில் ஊற்றினார்கள். அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கி வழிந்தபோது அத்தை பானையைப் பார்த்துக்கொண்டே அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். புடவை வீணாகிவிட்டதே என்று அழுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் போய், சோப்பு போட்டால் போய்விடும் அத்தை என்றேன். அத்தை அழுகையோடு சிரித்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அந்த டைல்ஸை மாலை வரை துடைக்க விடவில்லை அத்தை. செருப்போடு வேனில் ஏறவிடாத அத்தை, அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, பூ வைத்து, சாப்பிட வந்தவர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு அவரும் அம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, சேர்ந்து துடைத்தார்கள். எதற்கோ இருவரும் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட தட்டுகளை அத்தை கழுவினார், அம்மா துடைத்து வைத்தார். யாரும் இரண்டாவது தடவை கழுவவில்லை. மேடத்துக்கு மறுநாளே புல் போட்டு, நல்லெண்ணெய் புகட்டி, மாமா அதன் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டார். சில நாளில் அது அசைபோட ஆரம்பித்தது. மற்றதும் தானாக நடந்தது. மாமா நல்லவேளையாக அப்போது பின்னால் நிற்கவில்லை.

இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு அத்தை வீட்டில் கூடினால் யாராவது கேட்பார்கள். அந்தக் கன்றுக்குட்டி கூட்டத்தில் யாரையும் பார்க்காமல் நேராக அத்தையிடம் போனது, அத்தையைத் தேர்ந்தெடுத்து லட்சுமி கடாட்சம் கொடுத்தது என்று கண்ணை அகட்டிச் சொல்வேன். பெரியப்பாகூடத் தலையாட்டுவார். அத்தைக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுக்காது. அம்மா அந்த நேரம் பார்த்து சமையலறைக்கு முறுக்கு எடுக்கப் போய்விடுவார்.

போன மாதம் ஆலைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். துவர்ப்பு மிஞ்சினால் தாய்க்குப் பால் வற்றும், பால் வற்றினால் கன்றுக்கு மாவுப் பால் கொடுப்பார்கள், அதைச் சரியாகக் கலக்காவிட்டால் கன்றுக்கு வயிற்றால் போகும், கைக்குழந்தை மாதிரிதான், பாட்டிலை வாயில் வைத்த உடனே பின்னால் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண், ‘அக்கா, ஓகேயா?’ என்று கேட்டாள்.

அம்மாவிடம் இதை நான் கேட்கவில்லை. கேட்டாலும் ஒத்துக்கொள்ளமாட்டார். அன்றைக்குக் கயிற்றையும் பாட்டிலையும் பற்றிச் சொல்லிவிட்டு அம்மா என் காதில் கடைசியாக இன்னொன்றும் சொன்னார். “குடுத்துட்டு நீ தள்ளி நின்னுக்கோ பாப்பா, பாவாடை அழுக்காயிடும்.” சொன்னபடியே தள்ளி நின்றேன். இத்தனை கவலைக்கு நடுவிலும் அம்மாவுக்கு என் பட்டுப் பாவாடை ஞாபகம் இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.